உப்புப் பார்க்காத சோறு

இத்தாலியில் நான் இருக்கும் பலெர்மோவுக்கு என் அண்ணன் கோபாலசிங்கம் வந்தது சாப்பிடத்தான். கப்பலால் இறங்கியதும் இறங்காததுமாக அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இஞ்சை வாள்மீன் நல்லா இருக்குமாமே?" என்பதுதான். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஆடி மாத வெயில். மனைவியையும் மகள் சிவானுஜாவையும் கூட்டிக்கொண்டு, உல்லாசக் கப்பலில் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பார்க்க லண்டனிலிருந்து வந்திருந்தார். அதே கடலில்தான் முந்திய மாரியில் ஒரு கள்ளப் படகு கவிழ்ந்து எங்கள் தம்பி சாந்தன் போனான். லண்டனுக்கு, அண்ணனிடம் போகப் புறப்பட்டவன். "பயப்படாமல் ஏறு, பெரிய கப்பல்" என்று போனில் சொல்லி ஏற்றிவிட்டவர் இதே அண்ணன்தான்.

உடம்பு கிடைக்கவில்லை. கிரியை செய்ய வேண்டிய மூத்தவர் அதையும் செய்யவில்லை. தமையன் இருக்கப் பெண் நான் செய்யக்கூடாதாம். அதனால் அல்பெர்கேரியாப் பகுதியில் என் அறையில், கோயிலுக்குப் போகாமல், மீன் தின்னாமல், முடியாத சாவுத் துடக்கோடு இருந்தேன்.

இந்தப் பயணத்திலாவது கடற்கரையில் கிரியை செய்வதாகப் போனில் ஒப்புக்கொண்டிருந்தார். அன்று விடிய எழுந்து முழுகி, சாந்தனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தேன். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பொரித்த சாளை மீன். படைக்கிற சோற்றை வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. உப்புக்கூடப் பார்க்காமல் பாத்திரத்தில் போட்டு மூடினேன்.

பலெர்மோவின் கால்சாத் தெருக்களில் அண்ணன் ஒரு கடை விடவில்லை. இறைச்சி வைத்துப் பொரித்த சோற்றுருண்டை, கடலைமாப் பொரியல், வாள்மீன். மீன் தின்கிற அவருடைய வாயைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

"கடற்கரைக்குப் போவமே, அண்ணை?"

"முதல் இடிபாடுகளைப் பாப்பம். பிள்ளை ஆசைப்படுறாள். கடல் எங்கை ஓடிப்போகப் போகுது?"

நகரத்துக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி ஒரு குன்றில் இருக்கிறது சொலுந்தோ. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன நகரம். உச்சி வெயிலில் எங்களைத் தவிர ஒரு சனம் இல்லை. உடைந்த தூண்கள், கூரையில்லாத வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் வாயைத் திறந்தபடி ஒரு தண்ணீர்த் தொட்டி. எல்லாத் தொட்டிகளும் காய்ந்து கிடந்தன. பூச்சிகள் காது கிழிய இரைந்துகொண்டிருந்தன.

அண்ணன் ஒரு சுவர் நிழலில் உட்கார்ந்துவிட்டார். என் பையை அவரிடம் கொடுத்து, "இது சாந்தன்ரை படையல். தொட்டுப்போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுச் சிவானுஜாவோடு மேலே ஏறினேன். மச்சாள் கமராவோடு எங்கள் பின்னால் வந்தாள்.

ஏதோ ஒரு கணத்தில் பூச்சிகளின் இரைச்சல் நின்றது.

சிவானுஜா என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"மாமி, அந்த அண்ணா ஏன் நனைஞ்சுபோய் நிக்கிறார்?"

அவள் காட்டிய இடத்தில் தூண் மட்டும்தான் நின்றது.

தூணடியில் கல் ஈரமாக இருந்தது.

சித்திரைக்குப் பிறகு அங்கே ஒரு துளி மழை பெய்யவில்லை. ஆனால் காற்றில் பாசியும் டீசலும் கலந்த நாற்றம் வந்தது. ஈரச் சுவடுகள் தூணடியிலிருந்து கீழே, அண்ணன் இருந்த சுவரை நோக்கி இறங்கிப் போயிருந்தன. வெறுங்கால்கள். நான் விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

அண்ணனின் மடியில் என் பாத்திரம் திறந்திருந்தது. சாந்தனுடைய சோற்றை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தார்.

"கடலிலை கொட்டுற சாப்பாடுதானே, மலர்," என்றார் வாய் நிறைய. "உப்புக் கூடிப்போச்சு. கடல் தண்ணி மாதிரி இருக்கு. நீ ருசி பாக்கேல்லையே?"

"படையலுக்கு ஆர் அண்ணை ருசி பாக்கிறது?"

அவர் முகம் மாறியது. கையை நிறுத்தப் பார்த்தார்.

கை நிற்கவில்லை.

சோற்றை அள்ளியது, திணித்தது, மறுபடி அள்ளியது. அவருடைய கண்கள் என்னைப் பார்த்துக் கெஞ்சின. பாத்திரம் வெறுமையானது. விரல்கள் அடியைச் சுரண்டின. கடைவாயால் தண்ணீர் வழிந்து சட்டையை நனைத்தது.

பிறகு அவர் பேசினார்.

"அக்கா, பசிக்குது."

என் அண்ணன் ஒருநாளும் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. அப்படிக் கூப்பிட உலகத்தில் எனக்கு ஒருவன்தான் இருந்தான். அது அவனுடைய குரல்.

மச்சாள் அலறிக்கொண்டு வந்து முதுகில் அடித்தாள். அண்ணன் குப்புற விழுந்து வாந்தி எடுத்தார். சோறு வரவில்லை. வந்தது முழுக்கத் தண்ணீர், தெளிந்த உப்புத் தண்ணீர். அது கல்லிடுக்கால் ஓடி ஒரு தொட்டிக்குள் விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

துறைமுகத்தில் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"இப்பவும் ஒண்டும் பிந்தேல்லை, அண்ணை. ஒரு பாண்துண்டை எண்டாலும் கடலிலை விட்டு, அவன்ரை பேரைச் சொல்லுங்கோ. அவன் அமைதியாப் போகட்டும்."

கையை உதறினார். "வெயில் தலையிலை அடிச்சுப்போட்டுது, அவ்வளவுதான். பிள்ளையைப் பயப்படுத்தாதை. கப்பல் வெளிக்கிடப் போகுது."

தம்பியின் பெயரைச் சொல்ல அந்த மனிதனுக்கு ஒரு நிமிடம் இல்லை.

மூவரும் ஏறினார்கள். அண்ணன் முன்னால் போனார். சிவானுஜா அவருக்குப் பின்னால் காலெடுத்து வைக்கப் போனவள் நின்று, யாருக்கோ வழிவிடுவதுபோல ஓரமாக ஒதுங்கினாள். ஏறுபலகையில் அண்ணனின் சப்பாத்துகளுக்குப் பின்னால் ஈரச் சுவடுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன.

கத்திக் கூப்பிட்டிருக்கலாம். நான் கூப்பிடவில்லை. போகட்டும், இரண்டு பேரும் ஒரே கப்பலில் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அதற்காக நான் வருந்தவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. சிவானுஜா.

"மாமி, அப்பா உங்களோடை கதைக்கோணுமாம்."

போன் கைமாறியது. தண்ணீருக்குள்ளிருந்து விடுவதுபோல மூச்சுச் சத்தம்.

"அக்கா, நான் லண்டனுக்கு வந்து சேந்திட்டன்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சாப்பிட்டியோ, தம்பி?"

"ஓம் அக்கா. அண்ணையின்ரையையும் இப்ப நான்தான் சாப்பிடுறன்."