இளங்கோவின் பங்கு

“நாத்தமாம் நாத்தம். போன்ல பச்சை காட்டுது. அதைவிட உன்ற மூக்கு பெருசா?”

பக்கத்து வீட்டுச் சுரேந்தர் கத்தியது எங்கள் அடுப்படி வரை கேட்டது. கேட்காமலிருக்க நான் என்ன செவிடா?

“போனு பொய் சொல்லுமுங்க. கறி சொல்லாதுங்க,” என்றாள் அவன் பெண்டாட்டி யமுனா. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து எங்கள் மலைக்கு வாக்கப்பட்டு வந்தவள். மிச்சத்தை அவளே பிறகு சொன்னாள். சொல்லத் தயங்கியதை நான் கிளறி வாங்கினேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஆடியில் சாமிக்கு வெட்டும் கிடாயில் வெளியூரில் இருக்கும் பங்காளிக்கும் பங்கு உண்டு. அவன் வந்து தின்னும்வரை எறியக் கூடாது. எறிந்தால் உறவை எறிந்ததாக அர்த்தம். மற்ற வருடங்களில் உப்பும் மஞ்சளும் தடவி, அடுப்புக்கு மேலே கோத்துக் காயவிடுவார்கள். இந்த வருடம் சுரேந்தர் ஸ்மார்ட் ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தான். எது கெடும், எது கெடாது என்று அதற்கே தெரியுமாம்; நல்லதாக இருந்தால் அவன் போனில் பச்சை காட்டுமாம். திருப்பூரிலிருக்கும் தம்பி இளங்கோவின் பங்கைப் பச்சையாகவே உள்ளே வைத்து மூடினான்.

பிறகு மழை. மரம் விழுந்து மலையெங்கும் கரண்ட் போயிற்று, டவரும் போயிற்று. போனில் கடைசியாக வந்த பச்சை மட்டும் அப்படியே நின்றது.

ஆனால் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது.

“கேளு, எப்படி ஓடுதுன்னு. கரண்டை முன்னாடியே சேத்து வெச்சிருக்கும். ஸ்மார்ட்டுன்னா சும்மாவா? சாயங்காலம் இளங்கோ வாரான். எடுத்துச் சமை.”

தம்பியைக் கூட்டிவர அவன் பஸ்ஸுக்குப் போனதும் யமுனா தனியாக நின்றாள். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் மிளகுக் கொடிகளை விழுங்கி வாசல்வரை வந்திருந்தது. ஈரச் சுவர், அணைந்த அடுப்பின் சாம்பல், அவற்றுக்கு அடியில் தேன்போல இனித்து, ஊறி, தொண்டையில் பிசுபிசுவென ஒட்டிக்கொள்ளும் அந்த நாற்றம். கதவைத் தொட்டாள். வெதுவெதுப்பு. காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரி.

உறுமல் நின்றது.

கையை எடுத்தாள். மறுபடி தொடங்கியது.

அண்ணனும் தம்பியும் வந்தபோது அவள் மூலையில் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

“திறக்காதீங்க.”

“அண்ணி, என்னங்க இது வாசம்?” என்றான் இளங்கோ.

சுரேந்தர் திறந்தான்.

ஈக்கள். கறுப்பாக, கொத்தாக, முகத்தில் மோதின. தட்டில் கறி இல்லை. கறியின் உருவத்தில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. தட்டின் விளிம்பிலிருந்து ஒழுகிய சாறு தரையில் சொட்டியது.

இளங்கோ வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தான். “எறிஞ்சிருண்ணா.”

“எறியறதா? உன்ற பங்குடா.” சுரேந்தர் போனை உயர்த்திக் காட்டினான். பச்சை. “நல்லாத்தான் இருக்கு. பாரு.”

ஒரு பிடி அள்ளினான். வாயில் போட்டான். மென்றான்.

யமுனாவுக்குச் சத்தம் கேட்டது. மெல்லும் சத்தமில்லை.

அந்த வாரமே அவள் தாய்வீடு போய்ச் சேர்ந்தாள். இளங்கோ தை மாதம் திருப்பூரிலேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான்; அண்ணனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. சுரேந்தர் மட்டும் இருக்கிறான். மோர் கேட்கும் சாக்கில் நேற்றுப் போய் எட்டிப் பார்த்தேன். ஃப்ரிட்ஜை பிளக்கைப் பிடுங்கி, கழுவித் திறந்து போட்டிருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. எதிரே அவன் உதடுகளை இறுக மூடி உட்கார்ந்திருந்தான்.

உறுமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவன் தோளில் கை வைத்தேன்.

நின்றது.