நாற்பத்தோராம் போத்தல்

சுவரிலிருந்த மீற்றர் பிழையாகக் காட்டியது. பூட்டிய குளிரறையில் ஆள் நின்று மூச்சுவிட்டால் காற்றில் காபனீரொட்சைட்டு ஏறவேண்டும். அஞ்சலினா உள்ளே வந்து பத்து நிமிடமாகியும் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. நானூற்றுப் பத்து. முந்நூற்றெண்பது.

வெளியே திருகோணமலைத் துறைமுகத்தின் மத்தியான வெயிலும் டீசல் வாடையும். உள்ளே, தென்துருவக் கடலின் அடியாழத்திலிருந்து அவளும் மற்றவர்களும் கப்பலில் போய் அள்ளிவந்த தண்ணீர், அறுபது போத்தல்களில். அதிலுள்ள காபனின் வகைகளை அளந்தால், அந்தத் தண்ணீர் கடைசியாக எப்போது வெளிக்காற்றைத் தொட்டது என்று தெரியும். ஆயிரம் வருடத்துக்கு மேல். ஏதாவது உயிர் உள்ளேயிருந்து மூச்சுவிட்டு அளவைக் கெடுக்காமலிருக்க, அடைக்கும்போதே ஒவ்வொன்றிலும் ஒரு துளி பாதரச நஞ்சு விடவேண்டும். நாற்பத்தொன்றில் அவள் விடவில்லை. கடல் மயக்கத்தில் வாந்தியெடுத்துக்கொண்டே, விட்டதாக எழுதிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் இன்று எல்லோரும் சாப்பிடப்போன நேரம் பார்த்து வந்து, மூடியைத் திறந்தாள்.

போத்தலின் வாயிலிருந்து உறிஞ்சுகிற சத்தம் வந்தது, தேத்தண்ணி ஆறமுன் குடிப்பவர்களிடம் கேட்கும் சத்தம், மெதுவாக, நிறுத்தாமல். நஞ்சை விட்டாள். சத்தம் நிற்கவில்லை. முந்நூற்றிருபது. குளிரில் அவள் வாயிலிருந்து வெளிவந்த வெண்புகை மேலே எழவில்லை. நூலாய் நீண்டு போத்தலுக்குள் போனது.

மூடியை எடுத்து அடைக்கக் கை வரவில்லை.

மூச்சை அடக்கினாள். வாயை இறுக்கி மூடினாள்.

நூல் அறவில்லை.

கதவு தட்டப்பட்டது.

"அக்கா, உள்ளயா நிக்கிறீங்க? சாப்பிட வரல்லையா?"

சனூஸா. கூட வேலை செய்பவள். ஏழு மாதக் கர்ப்பிணி.

வராதே. திறக்காதே. அதை மட்டும் சொல்லிவிட்டால் போதும், தன்னைப் போத்தல் என்ன செய்தாலும் செய்யட்டும். "வரா..." என்றாள். சத்தத்துக்குக் காற்று இல்லை.

"என்னக்கா, கதைக்க ஏலாதா? இருங்க, திறப்பு என்னட்ட இருக்கு."

திறப்பு திரும்பியது.

நூறு. அறுபது.

கதவு திறந்தது. குளிர் முகத்திலடிக்க, சனூஸா வாய் திறந்தபடி நின்றாள். அவள் உதட்டிலிருந்து ஒரு வெள்ளை நூல் புறப்பட்டு, அஞ்சலினாவைத் தாண்டிப் போத்தலுக்குப் போனது.

அவள் உடுத்திருந்த அபாயாவின் வயிற்றுப் பக்கத்திலிருந்து, அதைவிட மெல்லியதாய், இன்னொன்று.