வரையாத வளைவு

ஆற்றுக்கும் மரம் அறுக்கும் ஆலைக்கும் நடுவே, வெறும் பச்சை நிறம் பூசிக் காலியாக விட்டிருந்த இடத்தில், ஒரு வளைவு கிடந்தது. எங்கிருந்தும் வரவில்லை, எங்கேயும் போகவில்லை. யாரோ தண்டவாளத்தில் ஒரு துண்டை உடைத்துப் புல்லில் வீசிவிட்டுப் போனது போலத் திரையில் கிடந்தது.

லைல் ஹோஸ்டெட்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டான். பள்ளிப் பேருந்துப் பணிமனையில் வேலை முடிந்து, சோப்புக்கும் போகாத கிரீஸ் நாற்றம் விரல்களில் தங்கியிருக்க, அப்போதுதான் நிலவறைக்கு இறங்கி வந்திருந்தான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆனால் பென்சில்வேனியா மலைகளில் பிப்ரவரி மாதப் பனி நிலவறையின் ஒரே ஜன்னலை மூடி வாரக்கணக்காகிவிட்டதால், கீழே எந்நேரமும் இரவுதான். மூலையில் வீட்டைச் சூடாக்கும் வெப்ப உலை பெருமூச்சு விட்டு விட்டு எரிந்தது. அதன் எண்ணெய் வாடையும், கொடியில் தொங்கிய துணிகளின் ஈர வாடையும், அறுத்துப் போட்ட ஒட்டுப்பலகையின் இனித்த வாடையும் கலந்து, அந்த அறைக்கென்றே ஒரு காற்று இருந்தது.

பலகை மேசை அறையின் பாதியை அடைத்துக்கொண்டு வெறுமையாக நின்றது. அதன்மேல்தான் மலையும் ஆறும் ஊரும் வரவேண்டும். மரமும் நிலக்கரியும் ஏற்றிய சிறிய ரயில் அவற்றினூடே ஓடவேண்டும். லைலும் அவனுடைய நண்பன் எமரி ஸ்டாலும் போன தடவை கண்ணளவிலேயே பலகையை வெட்டிவிட்டார்கள். ரயில் திரும்பும் இடத்தில் எல்லாம் கவிழ்ந்தது. இந்தத் தடவை எமரி பிடிவாதமாக ஒரு மென்பொருள் வாங்கினான். "முதல்ல கணினியில ஓட்டிப் பாப்போம். பலகைய வெட்டிட்டு அப்புறம் தலையச் சொறிய வேண்டாம்" என்றான். இருவரும் அவரவர் வீட்டிலிருந்தே ஒரே வரைபடத்தைத் திறந்து வரையலாம். தண்டவாளத்தைத் துண்டு துண்டாக எடுத்து வைக்கலாம், மலையை விரலால் இழுத்து உயர்த்தலாம். குளிர்காலம் முழுக்க அவர்களுக்கு அதுவே பேச்சு.

எமரி ஏதோ முயன்று பார்த்திருப்பான் என்று எண்ணி, லைல் அந்த வளைவை அழித்தான்.

மறுநாள் அது திரும்பவும் இருந்தது. கொஞ்சம் நீண்டிருந்தது.

இந்தத் தடவை அவன் அதை அளந்து பார்த்தான். எந்த என்ஜினும் திரும்ப முடியாத இறுக்கமான வளைவு. எந்தக் கடையிலும் அப்படி ஒரு தண்டவாளத் துண்டு கிடையாது. மென்பொருளின் பட்டியலிலும் இல்லை. பேனா பிடித்த கை தயங்காமல் இழுத்ததுபோல அது ஒரே ஓட்டமாக ஓடியது.

மேலே சமையலறையில் அவன் மனைவி வெர்னா கோழி வேகவைத்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை வேலையின் வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"கணினியத் தொட்டியா?" என்று கேட்டான்.

"உன் பொம்மை ரயிலையா?"

"மாதிரி ரயில்."

"சரி, மாதிரி ரயிலையா? எனக்கு வேற வேலை இல்லையா லைல்?"

சொல்லிவிட்டு அவள் பானையின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. கீழே இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் அந்தச் சிரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினான்.

அழித்தான். வந்தது. மறுபடி அழித்தான். இன்னும் நீளமாக வந்தது. ஆற்றைக் குறுக்கே வெட்டி, நிலையத்தின் அடியில் நுழைந்து, முக்கியப் பாதையின் மேலேயே ஏறிப் போனது. மற்ற பாதைகளின் கறுப்புக் கோடுகளுக்குள் அது எங்கே புகுந்து எங்கே வெளிவருகிறது என்று விரலை வைத்துத்தான் தொடர வேண்டியிருந்தது. ஒருநாள் முப்பரிமாணக் காட்சியைத் திறந்து, பறவைபோல அந்தச் சின்னப் பள்ளத்தாக்கின் மேல் பறந்து பார்த்தான். சமதளமாக அவன் விட்டிருந்த புல்வெளி அந்தக் கோட்டின் உட்புறம் லேசாக உப்பியிருந்தது. சுட்டியால் தட்டித் தட்டி அதைச் சமமாக்கினான். எதற்கென்று தெரியாமல் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை எமரி வந்தான். வழக்கம்போலக் கதவைத் தட்டாமல், பூட்ஸில் இருந்த பனியை உதறிக்கொண்டு சமையலறைக்குள் போனான். லைல் நிலவறையிலிருந்து மேலே வந்தபோது எமரியும் வெர்னாவும் மேசையில் எதிரெதிரே குனிந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் பேச்சு நின்றது.

"என்ன ரகசியம்?" என்றான் லைல்.

"ஒண்ணும் இல்லடா. நீ சரியாத் தூங்குறியான்னு கேட்டேன். கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு."

"நான் தூங்குறது உனக்கெதுக்கு?"

எமரி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். "உனக்கு என்னடா ஆச்சு?"

"விளையாட்டு போதும் எமரி. அந்தக் கோட்ட எடுத்துடு."

"எந்தக் கோட்ட?"

கீழே கூட்டிப்போய்க் காட்டினான். எமரி மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வெகுநேரம் பார்த்தான். "இத நான் போடல. அந்த இடத்துல பாதையே வேண்டாம்னு சொன்னவன் நான்தானேடா. நீயே போட்டுட்டு மறந்திருப்ப."

"எனக்குப் பைத்தியம்னு சொல்றியா?"

"தூக்கம் இல்லன்னு சொல்றேன்."

"அவளும் நீயும் பேசி வச்சுச் சொல்றீங்க."

எமரியின் முகம் மெல்லச் சிவந்தது. இருபது வருஷ நட்பில் அவன் அப்படிச் சிவந்து லைல் பார்த்ததில்லை. குற்றம் செய்தவன்தான் அப்படிச் சிவப்பான் என்று நினைத்தான். எமரி படியேறிப் போனான். வாசல் கதவு சாத்திய சத்தம் வீடு முழுக்கப் பரவிக் கீழே வந்து சேர்ந்தது.

அன்றைக்கே லைல் கடவுச்சொல்லை மாற்றினான். இணைய இணைப்பைப் பிடுங்கினான். நிலவறைக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். வெர்னா துணி துவைக்கக் கீழே வரவேண்டும் என்றால் அவன் கூடவே வந்து நின்றான்.

"நான் என்ன திருடியா?" என்று ஒருநாள் கேட்டாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

கோடு வளர்வது நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் அது கிளம்பிய இடத்துக்கே வந்து தன்னைத்தானே தொட்டு மூடிக்கொண்டது. லைல் திரையை உற்றுப் பார்த்தான். நிலையம், ஆலை, பாலம், ஆறு, பக்கப் பாதைகள், எல்லாவற்றின் நடுவிலும் சிக்கிய ஒரு மூடிய வளையம். எமரியின் முகத்துக்கு நேரே நீட்ட ஒரு சான்று வேண்டும் என்று தோன்றியது. அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. தண்டவாளம் மேசையில் எந்த அளவில் கிடக்கப்போகிறதோ, அதே அளவில் தாள் தாளாக அச்சடித்து, ஒட்டி, அப்படியே பலகைமேல் விரிக்கலாம். மற்றக் கோடுகளை எல்லாம் மறைத்துவிட்டு அதை மட்டும் அச்சடிக்கக் கட்டளை கொடுத்தான்.

அச்சு இயந்திரம் வெகுநேரம் முனகியது. தாள்கள் சூடாக வந்து விழுந்தன. ஓரங்களைப் பொருத்தி, ஒட்டுநாடா கிழித்து, வலது கோடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பலகையில் ஒட்டிக்கொண்டு வந்தான். முதலில் ஒரு குறுகிய வளைவு, அதற்குமேல் ஒரு நீண்ட சாய்வு. பிறகு ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. கை தன்பாட்டில் ஒட்டிக்கொண்டே போனது. கடைசித் தாளை ஒட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

பாதை இல்லை அது.

முழங்கால். இடுப்பு. முதுகின் வளைவு. தோள். குனிந்த தலை.

ஓர் ஆள். நிஜ அளவில். ஒருக்களித்து, கால்களை மடக்கி, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கும் ஓர் ஆள்.

வெப்ப உலை நின்றது. அந்த அமைதியில் அவனுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வேறொன்று. வெர்னா அப்படித்தான் தூங்குவாள் என்று நினைத்தான். ஒருக்களித்துத்தான் தூங்குவாள். அவள் எப்படித் தூங்குவாள் என்று எமரிக்கு எப்படித் தெரியும்? ரத்தம் காதுக்கு ஏறியது. படியேறிக் கதவைத் திறந்து கத்தினான்.

"வெர்னா. கீழ வா."

மாவு ஒட்டிய கைகளோடு அவள் வந்தாள். அவன் முகத்தைப் பார்த்துத் தயங்கி, பிறகு அவன் பின்னால் இறங்கினாள். கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றாள்.

"சொல்லு" என்றான். "எத்தன நாளா நடக்குது? எமரிதானே வரைஞ்சான்? உன்னப் பாத்துத்தானே வரைஞ்சான்?"

 வெர்னாவின் கண்கள் தாள்களின் மேல் தலையிலிருந்து கால்வரை மெதுவாகப் போய் மறுபடி தலைக்கு வந்தன. கைப்பிடியை இறுகப் பிடித்தாள். மாவு உதிர்ந்தது.

"லைல்" என்றாள். "அது நான் இல்ல."

"பொய் சொல்லாத."

"அது நீ."

அவன் திரும்பிப் பலகையைப் பார்த்தான். 

"நீ அப்படித்தான் தூங்குவ. அந்தத் தோள ஏத்தி வச்சுக்கிட்டு, கைய அங்க வச்சுக்கிட்டு. கல்யாணம் ஆன நாள்லருந்து பாக்குறேன்." அவள் குரல் தேய்ந்தது. "யாரு லைல் வரைஞ்சது? என்னத் தவிர யாருக்கும் தெரியாதே."

தான் தூங்குவதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. யார்தான் பார்த்திருக்கிறார்கள்? இப்போது பார்த்தான். அந்தக் கழுத்தின் சரிவு. அந்த முட்டி. நெருங்கிப் போனான். பலகையின் விளிம்பைப் பிடித்தான். குளிர்ந்த பலகை. தாள்களும் குளிர்ந்திருக்க வேண்டும். விலா எலும்புகள் இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தான்.

சூடு.

அச்சு இயந்திரத்தின் சூடு என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனால் அந்தத் தாளை ஒட்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

கைக்கு அடியில் தாள் அசைந்தது.

மெல்ல மேலே வந்தது. மெல்லக் கீழே போனது. கையை இழுத்துக்கொண்டான். தாள் மறுபடி எழுந்தது, தோளருகே, இடுப்பருகே. வெள்ளைக் காகிதம் உள்ளிருந்து நிறைந்தது. ஒட்டுநாடா விண்ணென்று இழுபட்டது. தட்டையான பலகை. அதன்மேல் ஒற்றை அடுக்குத் தாள். அடியில் ஒன்றும் இருக்க இடமே இல்லை.

எழுந்தது. தாழ்ந்தது.

தன் மூச்சோடு சேர்ந்துதான் அது அசைகிறது என்று அவனுக்குப் பட்டது. காற்றாக இருக்கும். தன் மூச்சுக்காற்றே தாளில் படுகிறது போலும். வாயை மூடினான். மூக்கைப் பிடித்தான். நெஞ்சை நிறுத்தினான்.

தாள் நிற்கவில்லை.

எழுந்தது. தாழ்ந்தது. நிதானமாக. நன்றாகத் தூங்குகிற ஒருவனின் நிதானம். கன்னத்தின் அருகே ஒட்டுநாடா ஒரு முனையில் தானாகப் பிரிந்து சுருண்டது. உள்ளிருந்து ஏதோ ஒன்று, விரல் அகலத்தில், அந்த இடத்தை மெல்லத் தடவிப் பார்த்தது.

லைல் பின்னால் நகர முயன்றான்.  படியின் பக்கம் திரும்பி வெர்னாவைப் பார்த்தான்.

அவள் ஒரு படி இறங்கியிருந்தாள். முகத்தில் பயம் போய்விட்டிருந்தது. காலையில் அவனை எழுப்பும்போது மட்டும் வரும் மிருதுவான குரலில் கூப்பிட்டாள்.

"லைல்..."

அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவனை அல்ல.