நூற்றுப் பன்னிரண்டாம் அடிக்குறிப்பு

‘மனிதகுலம் கண்ட கனவுகளில் மூத்தது பொன் அல்ல, ஒன்று இன்னொன்றாக மாறும் என்ற நம்பிக்கையே.’ ரசவாதத்தின் வரலாற்றை நான்கு நாகரிகங்களில் துருவிய அறுநூறு பக்க நூல் இப்படித்தான் தொடங்குகிறது. இந்த ஒரு வாக்கியத்துக்குப் பேராசிரியர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். அவர் மனைவி அதைப் படித்துவிட்டுப் பற்பசை விளம்பரம் மாதிரி இருக்கிறது என்றாள்.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில், அதே பேராசிரியர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன் நின்றிருந்தார். பொத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. வலது ஆள்காட்டி விரலுக்குத் தெரியவில்லை.

“என்ன, பொத்தானோட பேச்சுவார்த்தையா?” என்றாள் மனைவி.

“விரல் மரத்துப்போச்சு.”

“கை மேல படுத்துத் தூங்கியிருப்பீங்க.” அவளே பொத்தானைப் போட்டுவிட்டாள். போட்டவள் அந்த விரலை ஒரு கணம் பிடித்துப் பார்த்தாள். “ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு? கனமா வேற இருக்கு.”

அவள் பிடித்ததை அவர் பார்த்தார். பார்த்ததோடு சரி.

பயப்பட வேண்டிய விஷயம் அது அல்ல என்று அவர் நினைத்தார். முந்தின நாள் நூலகத்திலிருந்து ஒரு தொலைபேசி வந்திருந்தது. சுவடிப் பிரிவில் அட்டவணை எழுதும் அம்மாள்தான் பேசினாள்.

“சார், உங்க பிரதி வந்திருக்கு.”

“எந்தப் பிரதி?”

“எந்தப் பிரதியா? நல்லா கேட்டீங்க போங்க. உங்க புத்தகத்துல நூத்திப் பன்னெண்டாம் அடிக்குறிப்பு சார். ஒரு வீட்டைக் காலி பண்றப்ப பரண்ல கிடைச்சுதாம். நாளைக்கு மூணு மணிக்கு வாங்க. இதுதான் நீங்க பார்த்ததுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, கண்காட்சியில வெச்சிரலாம்.”

விவரம் இதுதான். சீனர்கள் சாகாமலிருக்கப் பாதரசக் கல்லைத் தின்று செத்தார்கள். அரபிகள் கந்தகத்தையும் பாதரசத்தையும் கூட்டி உலோகத்தின் குலம் கோத்திரம் ஆராய்ந்தார்கள். ஐரோப்பியர்கள் ஈயத்தை வறுத்தார்கள். சித்தர்கள் உடம்பையே குடுவையாக்கினார்கள். எல்லாச் சுவடிகளிலும் கடைசிப் படி மட்டும் இருக்காது. மீதியை வாத்தியாரிடம் கேட்டுக்கொள் என்று முடிந்துவிடும். இந்த நாலும் ஒரே ஊற்று என்பது பேராசிரியரின் கொள்கை. ஆனால் நாலையும் சேர்க்கும் ஒரு சுவடி கிடைக்கவில்லை. பதிப்பாளர் அவசரப்படுத்தினார். ஒரு பிற்பகலில், காப்பி ஆறுவதற்குள், பேராசிரியர் அதை அடிக்குறிப்பில் உண்டாக்கினார்.

தனியார் வசம் உள்ள காகிதப் பிரதி. நாற்பத்து மூன்று தாள்கள். பதினேழாம் தாளில் காது வடிவில் நீர்க்கறை. கடைசித் தாளில் பதினோரு வரி. அதன்பின், ‘விரல் நுனியில் உணர்ச்சி இல்லை’ என்ற சிறு குறிப்போடு எழுதியவர் நிறுத்திவிடுகிறார்.

இந்தக் கடைசி விவரம் கொஞ்சம் சினிமாத்தனம் என்று மனைவி சொன்னாள், பொய் என்று தெரியாமலே. அவர் அதை எடுக்கவில்லை. அதுதான் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது. ஒரு கருத்தரங்கில் வேறொரு அறிஞர் எழுந்து, தானும் அந்தப் பிரதியைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். பேராசிரியர் மேடையிலிருந்தபடியே அவருக்கு நன்றி தெரிவித்தார்.

வியாழன் மூன்று மணிக்கு, நூலக வாசிப்பறை நீளமாக, ஜன்னல்கள் உயரத்தில் இருக்க, வெளியே மழைக்கு முந்தைய வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் மாதிரி மேசைகளின் மேல் தேங்கிக் கிடந்தது. மூலையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் சளி பிடித்த கிழவர் போல் இழுத்து இழுத்து மூச்சு விட்டது. அட்டவணை அம்மாள் வாசலிலேயே அவர் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“மை உள்ளே வரக்கூடாது சார். சட்டம் உங்களுக்கும்தான்.”

கூராகச் சீவிய ஒரு பென்சிலை மேசையின் கோடியில் வைத்தாள். பக்கத்தில் ஒரு படிவம். ‘இப்பிரதியை நான் முன்பே நேரில் கண்டு ஆராய்ந்துள்ளேன்.’ கீழே ஒரு கோடு.

பஞ்சுத் தலையணையின் மேல் பிரதி இருந்தது. பழைய பசையின் வாடை. அதற்கடியில் வேறொன்று, நாணயங்களை எண்ணிய கையில் வருமே அந்த வாடை.

“வரிக்கோடு பாருங்க சார்,” என்றாள் அம்மாள். “பென்சில் வர்றதுக்கு முன்னாடி ஈயக் குச்சியாலதான் இழுப்பாங்களாம். சாம்பல் நிறத்துல பதியும்.”

“தெரியும்,” என்றார் பேராசிரியர். அவருக்குத் தெரியாத ஒன்றை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அவள் தன் மேசைக்குப் போனாள். அவர் இடது கையால் தாள்களைப் புரட்டினார். பதினாறு. பதினேழு. நீர்க்கறை. காது. மடல்கூட இருந்தது.

நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தார். படபடக்கவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் யாரோ பஞ்சை அடைத்துவிட்டதுபோல் இருந்தது. அந்தப் பஞ்சின் நடுவே ஓர் எண்ணம் மெல்ல எழுந்தது, படித்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய எண்ணம்: ஒருவேளை உண்மையிலேயே பார்த்திருக்கிறேனோ?

நாற்பத்து மூன்றாம் தாள். பதினோரு வரிகள். ஓரத்தில் விரல் நுனிக் குறிப்பு. கீழே அரைப் பக்கம் வெறுமை. அந்த வெறுமையின் மேல் வலது கையை ஊன்றிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். பாதரசம் இவ்வளவு, தீ இவ்வளவு, நாள் இவ்வளவு. நாலு நாகரிகமும் அவர் சொன்னபடியே கைகோத்துக்கொண்டிருந்தன. கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை.

எங்கோ ஒரு சத்தம் இருந்தது. தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டு சுவரைச் சுரண்டுவதுபோல், விட்டு விட்டு, ஆனால் சோம்பலில்லாமல். இயந்திரம்தான் என்று நினைத்தார். அம்மாள் எழுந்துபோய் இயந்திரத்தை அணைத்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

நாலரை மணிக்கு அவள் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். “ஆச்சா சார்?” பிறகு குனிந்தாள். “பதினோரு வரின்னுதானே எழுதியிருக்கீங்க?”

“ஆமா.”

“பன்னெண்டு இருக்கே.”

அவர் முதல் வரியிலேயே கண்ணை வைத்திருந்தார்.

“இவ்வளவு பெரிய ஆளு வரி எண்ணுறதுல கோட்டை விடலாமா? ஆனா என் அட்டவணையிலயும் பதினொண்ணுதான். காலையில நானே எண்ணினேன்.” அவள் குரல் தணிந்தது. “மையும் இல்ல இது. சாம்பலா இருக்கு. பொடி எழுத்து, படிக்க முடியல. இருங்க, பூதக்கண்ணாடி எடுத்துட்டு வரேன்.”

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. கதவு ஆடி நின்றது.

பென்சிலைப் பார்த்தார். மேசையின் கோடியில் கிடந்தது. கூர் மழுங்காமல்.

அப்புறம்தான் தன் வலது கையைப் பார்த்தார்.

ஆள்காட்டி விரல் தாளின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. நிதானமாக. வலது பக்கம் சாய்ந்த, இடமில்லாமல் நெருக்கியடித்த எழுத்து. இருபத்தாறு ஆண்டுகளாக அவர் மாணவர்கள் படிக்க முடியாமல் திட்டிய எழுத்து. விரல் சாம்பல் நிறத்தில் இருந்தது. மங்கலாக மினுங்கியது. நகம் இல்லை. நகம் இருந்த கணுவும் இல்லை. தேய்ந்திருந்தது, எழுத எழுத. ரத்தம் இல்லை. வலி இல்லை.

தங்கமாகக்கூட இல்லை.

கையை இழுத்தார். கை வரவில்லை. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். இரும்புக் கட்டிலின் காலைத் தூக்குவதுபோல் இருந்தது. விரல் பன்னிரண்டாம் வரியை முடித்துப் பதின்மூன்றைத் தொடங்கியது.

தான் என்ன எழுதுகிறோம் என்று படிக்க அவருக்குத் தைரியம் இல்லை. தலையை நிமிர்த்தியே வைத்திருந்தார். இறக்கவில்லை. எப்படியும் அவருக்குத் தெரியும்.

செருப்புச் சத்தம். திரும்பி வருகிறது.

இடது கையால் பென்சிலை எட்டி எடுத்தார். படிவத்தை இழுத்தார். கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டார். கோணல். குழந்தை போட்டதுபோல். பரவாயில்லை. கண்டு ஆராய்ந்துள்ளேன். கண்டு. ஆராய்ந்துள்ளேன். இந்தப் பக்கம் இடது கை அதை முடித்தபோது, அந்தப் பக்கம் ஆள்காட்டி விரல் அடிவரை தேய்ந்து முடிந்தது.

சத்தம் நின்றது.

நடுவிரல் மெல்ல மடங்கியது. இறங்கியது. தாளைத் தொட்டது.

சத்தம் தொடர்ந்தது.

“கையெழுத்தும் போட்டாச்சா? நல்லது சார்,” என்றபடி அம்மாள் பூதக்கண்ணாடியோடு வந்து படிவத்தை முதலில் எடுத்துப் பார்த்தாள். பிறகு பன்னிரண்டாம் வரியின் மேல் கண்ணாடியைப் பிடித்தாள். வரி வரியாக வாய்விட்டுப் படிப்பது அவளுக்குத் தொழில் பழக்கம். பக்கத்தில் ஊன்றியிருந்த கையை அவள் இன்னும் பார்க்கவில்லை.

கடைசிப் படி அங்கே இருந்தது. ஒரே வரிதான். பதின்மூன்றிலும் அதுவே. நடுவிரல் தொடங்கியிருந்த பதினான்கிலும் அதுவே.

‘இந்தப் பிரதியை நான் பார்த்ததில்லை.’