முதலில் பதிந்த கைரேகை

முத்துப்பேச்சி காலையில் வேலைக்கு வருவது ஒருமுறைதான். ஆனால் கம்ப்யூட்டரில் அவள் வருகை இரண்டு தடவை ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று வாசலில் இருந்த கைரேகை மெஷினில். இன்னொன்று பிளீச்சிங் ஷெட் மெஷினில். தொட்டி விரிசல் விட்டதிலிருந்து, உள்ளே அழுகிய துணியோடு அந்த ஷெட் பூட்டியே கிடந்தது.

ராஜபாளையத்திலிருந்த அந்தப் பேண்டேஜ் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் செலினாவின் பொறுப்பு. அவள் சொன்னதைக் கேட்டு சூப்பர்வைசர் கிளாட்வின் அலுத்துக்கொண்டார்.

"மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. ரெண்டாவது ஏறவிடாம மறிச்சிரும்மா."

செலினா டேட்டாபேஸில் தானாக ஓடும் ஒரு கட்டளையை, ஒரு டிரிக்கரை, எழுதி வைத்தாள். ஒரு கைரேகை அன்றைக்கு முதலில் எங்கே பதிகிறதோ, அதுதான் ஆள். அதே ரேகை மறுபடி வந்தால் டிரிக்கர் தானாகவே அதைத் தள்ளிவிடும்.

மறுநாள் மலைப்பக்கம் மேகம் இறங்கி, விடிந்தும் விடியாத மாதிரி இருந்தது. வாசலை ஒட்டிய தன் அறைக்குள் நுழையும்போதே செலினா மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிளீச்சிங் பவுடரின் காரமும், புளித்த கஞ்சியும், தண்ணீரில் செத்து ஊறிய எலியின் வாடையும் ஒன்றாகக் கலந்து, ஷெட் பக்கமிருந்து ஈரக்காற்றோடு வந்து தொண்டையில் எச்சிலைப்போல ஒட்டிக்கொண்டது.

மூக்குத்தியும் நீலச் சேலையுமாக வன்னியம்பட்டி பஸ்ஸில் வந்திறங்கிய முத்துப்பேச்சி வாசல் மெஷினில் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"செலினாக்கா, ஏற்கெனவே உள்ள வந்துட்டேன்னு காட்டுது. நான் இப்பத்தான வாரேன்?"

சிரித்துக்கொண்டே விரலை எடுத்தாள். நுனித்தோல் பாலாடைபோலக் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. ரத்தம் வரவில்லை. தோலுக்கடியில் வெள்ளை வெள்ளையாக நூல் தெரிந்தது.

"வலிக்கலையேக்கா," என்றாள். சிரிப்பு போய்விட்டது.

செலினா திரையைப் பார்த்தாள். முத்துப்பேச்சி, பிளீச்சிங் ஷெட். சற்றுமுன் ஏறியிருந்தது. டிரிக்கர் அதை வைத்துக்கொண்டு, வாசலில் நிற்பவளைத் தள்ளியிருந்தது.

"செத்த நேரம் பொறு பேச்சி. அந்த நாற்காலில உக்காரு. நான் எடுத்துடுதேன்."

டிரிக்கரை நீக்கும் கட்டளையைத் தப்புத் தப்பாக அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். வெளியே நாற்காலியிலிருந்து ஈரத்துணி சொட்டுகிற சத்தம் கேட்டது. டிரிக்கர் போனது.

"இப்ப வை, பேச்சி! விரலை வை!"

முத்துப்பேச்சி கையைத் தூக்கினாள். வைப்பதற்கு ரேகை இல்லை. மணிக்கட்டு வரை நூல். பிரிந்து தொங்கும் நூல்.

"அக்கா... என்னைய..."

வாயும் நூலாய்ப் பிரிந்தது.

ஷெட் கதவு திறந்தது. உள்ளிருந்து முத்துப்பேச்சி வந்து, செலினாவின் அறைவாசலில் நின்றாள். அதே மூக்குத்தி, அதே நீலச் சேலை. நடந்த இடமெல்லாம் மஞ்சள் நீர். கன்னத்துக்குள் எதுவோ நெளிந்தது.

"மொதல்ல வந்தவ நான்தானக்கா."

குழைவான குரல். பேசிய வாயிலிருந்து நாற்றம் செலினாவின் முகத்தில் அடித்தது. அவள் மேஜைமேல் வாந்தியெடுத்தாள்.

நிமிர்ந்தபோது அது நாற்காலியருகே குந்தியிருந்தது. குவிந்துகிடந்த நூலில் ஒவ்வொன்றாக எடுத்து, உதடு குவித்து, உறிஞ்சி விழுங்கிக்கொண்டிருந்தது. குவியலின் நடுவே ஒரு கண். அது செலினாவையே பார்த்தது. இமைத்தது. மறுபடியும் இமைத்தது.