மாடிக்குக் கூப்பிட்டால்

சுங்கைப் பட்டாணி நகரில், பாக்கார் ஆராங் பகுதிக்குப் போகும் சாலையோரம் இருந்த அந்த ஜவுளிக்கடையில் உமாராணி வேலைக்குச் சேர்ந்த அன்று காலையிலிருந்தே மழை. கீழே விற்பனை, மேலே சரக்கு வைக்கும் ஸ்டோர் என்று பழைய காலத்துக் கடைவீடு. உள்ளே நுழைந்ததும் புதுத்துணியின் கஞ்சி வாசமும் அந்துருண்டை வாசமும் மூக்கில் ஏறின. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசமும் இருந்தது. தைல வாசம். நாள் முழுக்க நிற்கிறவர்கள் யாராவது காலில் தேய்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இந்த வேலை வேண்டும். அப்பா டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பக்கத்து ஊரான குருணில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது அவளை நம்பித்தான்.

கடையில் மூத்தவள் குணவதி. நல்ல மனுஷி. புதிதாக வந்த பெண் பசியோடு நிற்கிறாள் என்று தன் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றில் பாதியை எடுத்துக் கொடுக்கிறவள். ஆனால் அவளிடம் ஒரு வினோதமான பழக்கம் இருந்தது. சூப்பர்வைசர் சிவநேசன் மாடிப்படி உச்சியில் வந்து நின்று எந்தப் பெண்ணையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், குணவதியின் கை உடனே வானொலிக்குப் போகும். பாட்டைச் சத்தமாக வைப்பாள். மற்றப் பெண்கள் தலை நிமிராமல் சேலை மடிப்பார்கள். போனவள் முகம் வெளிறி இறங்கி வந்ததும் சத்தத்தைக் குறைத்து, ஒரு கப் சூடான மைலோவை நீட்டுவாள். என்ன ஏது என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள்.

"ஏன்க்கா சத்தமா வைக்கிறீங்க?"

"கஸ்டமருக்குக் கேட்டா கடைக்கு அசிங்கம் லா."

"என்னக்கா கேக்கும்?"

குணவதி சேலை மடிக்கத் திரும்பிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில்தான், அதுவும் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னாள்.

"காஞ்சனான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. கால் வலின்னு எப்பவும் தைலம் தேச்சிருக்கும். போன தீபாவளி சமயம் ஸ்டோர்லேருந்து ஓடி வந்து படியில வுழுந்திருச்சு. தலையில அடி, பொழைக்கல. சேல தடுக்கிருச்சுன்னு சொன்னாங்க."

"நீங்க பாக்கலையா?"

"ரேடியோ சத்தமா இருந்துச்சு. ஒண்ணும் கேக்கல."

அதற்கு முன்பே காஞ்சனா சிவநேசனைப் பற்றி முதலாளியிடம் முறையிட்டிருக்கிறாள். 'அவன் எல்லார்கிட்டயும் அப்படித்தான் வெளையாடுவான்மா' என்று அவர் சிரித்தாராம். பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டச் சொல்கிறது சட்டம். முதலாளியும் ஒட்டியிருந்தார், ஸ்டோர் கதவின் உட்புறத்தில். அதைப் படிக்க வேண்டுமானால் ஒரு பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்தியாக வேண்டும். இந்தப் புத்திக்கு என்ன பெயர் வைப்பது?

தீபாவளி நெருங்கியது. கடையில் கூட்டம் நிரம்பி வழிந்த ஒரு பிற்பகலில் படி உச்சியிலிருந்து குரல் வந்தது.

"உமா, மேல வா. கொசுவம் எப்படி வைக்கிறதுன்னு அண்ணன் சொல்லித் தரேன்."

"கஸ்டமர் நிக்கிறாங்கண்ணே."

"வேல வேணுமா, வேணாமா?"

அப்பாவின் வீங்கிய பாதங்கள் கண்ணில் வந்து போயின. ஏறினாள். முதுகுக்குப் பின்னால் பாட்டு உரக்க எழுந்தது. ஒவ்வொரு படிக்கும் தைல வாசம் கூடிக்கொண்டே வந்தது. கண் எரிந்தது.

ஸ்டோரில் ஒரே ஒரு விளக்கு. அலமாரிகளுக்கு நடுவே இருட்டு தேங்கிக் கிடந்தது. சிவநேசன் கதவைச் சாத்தினான். அறிவிப்பு அவள் முகத்துக்கு நேரே இருந்தது. எழுத்து ஒன்றும் புரியவில்லை.

அவன் கை இடுப்பில் விழுந்தது.

"கத்தாத. கத்துனாலும் கீழ கேக்காது."

கத்தத்தான் நினைத்தாள். வெட்கமும் பயமும் ஒன்றாகச் சேர்ந்து அவளைக் கட்டிப்போட்டன.

அப்போது பாட்டு தேயத் தொடங்கியது.

தேய்ந்து, தேய்ந்து, நின்றுவிட்டது.

விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. கரண்டு போகவில்லை.

"விடுங்கண்ணே."

அது உமாராணியின் குரல் இல்லை. அவள் உதடுகள் ஒட்டியே இருந்தன.

"விடுங்கண்ணே, வலிக்குது."

குரல் கடைசி அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. அடுத்த முறை நடுவிலிருந்து. அதற்கடுத்த முறை சிவநேசனின் காதருகே, கடை முழுக்க அதிரும்படி. அவன் கை தானாகக் கழன்றது. முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"காஞ்சனா!" என்று கீழே குணவதி அலறினாள்.

தடதடவென்று படியேறினார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தவள் குணவதிதான். பின்னால் மற்றப் பெண்களும், கையில் சேலையோடு வாடிக்கையாளர்களும். அலமாரிகளுக்கிடையில் யாருமில்லை. குணவதி உமாராணியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ரேடியோவ நான் கூட்டிக் கூட்டித்தான் வெச்சேன் தங்கச்சி. அது அடங்கிக்கிட்டே போச்சு. அன்னைக்கும் அந்தப் பொண்ணு இப்படித்தான் கத்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. கேட்டுச்சு லா எனக்கு."

இந்த முறை யாரும் வாயை மூடவில்லை. முதலாளி ஓடி வந்து, நம்ம ஆளுங்களுக்குள்ள பேசி முடிச்சிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தார். பெண்கள் ஒன்றாகப் போய்ப் போலீசில் புகார் கொடுத்தார்கள். விசாரணை நடக்கட்டும் என்று சொல்லிய முதலாளி, அதுவரை சிவநேசனை அலோர் ஸ்டார் நகரின் மெர்கோங் பகுதியில் இருந்த தன் இன்னொரு கடைக்கு மாற்றினார். குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளிவிட்டுக் கை கழுவுவது போலத்தான். உமாராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் பெட்டியோடு காரில் ஏறிப் போன அன்றே கடையில் தைல வாசமும் இல்லாமல் போனது. குணவதி ஸ்டோர் வரை போய் மோந்து பார்த்துவிட்டு வந்தாள்.

மெர்கோங் கடையில் ரமணி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருப்பது தெரிந்து, உமாராணி எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள். மேலே கூப்பிட்டால் தனியாகப் போகாதே என்று படித்துப் படித்துச் சொன்னாள். தீபாவளிக்கு முந்தின வாரம், கடை நிறைந்த வேளையில் ரமணி அழைத்தாள்.

"அக்கா, அவரு என்னைய ஸ்டோருக்குக் கூப்பிட்டாரு."

"போனியா?"

"இல்லக்கா. நீங்க அவருகூட ஒரு அக்காவ அனுப்பி வெச்சீங்களே, எனக்குப் பதிலா அவங்க மேல போயிட்டாங்க."

உமாராணி போனை இறுக்கிப் பிடித்தாள். "நாங்க யாரையும் அனுப்பலையே."

"உங்க கடை யூனிபார்ம் சேலதான் கட்டியிருக்காங்க, கிட்டப் போனா தைல வாசம். அவரு வந்த நாள்லேருந்து படிகிட்டயே நிப்பாங்க, யாருகிட்டயும் பேச மாட்டாங்க. இன்னைக்குத்தான் வாயத் தொறந்தாங்க. நீ இரு, நான் போறேன்னாங்க."

"இப்ப எங்க அவங்க?"

"மேலதான். கதவு சாத்தியிருக்கு. மொதல்ல அவரு கத்துனாரு. இப்ப சத்தமே இல்ல. நான் போய் தட்டட்டுமா?"

குணவதி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். எல்லாம் அவளுக்கும் கேட்டிருந்தது. மெல்லத் தலையசைத்தாள், வேண்டாமென்று.

"தட்டாத," என்றாள் உமாராணி. "கீழயே இரு. கஸ்டமரக் கவனி."

ரமணி போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பக்கம் யாரோ படியிறங்கி வரும் ஓசை கேட்டது.

ஒரே ஒரு ஆள்தான். மெதுவான, பெண்ணின் காலடி.