மாமி சிக்கவில்லை!

“மாமி... ரெண்டு தரம்... சிக்கேல்லை...”

செத்தவன் பேசினான்!

எவ்லின் வீரிட்டாள். காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“நிப்பாட்டுங்கோ லாரா! கடவுளாணை நிப்பாட்டுங்கோ!”

லாரா கைப்பேசியை அணைத்தாள். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரக் குற்றப் பிரிவு அதிகாரி. பெற்றோர் மன்னாரிலிருந்து அகதியாக வந்தவர்கள். இவள் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான்.

இருவரும் நின்றது ஒரு துப்பாக்கிக் கழகத்தின் நிலவறைச் சுடுதளம். போன வெள்ளிக்கிழமை இதே மூன்றாம் மேடையில்தான் எவ்லினின் கணவன் பென்ஜமின் கிடந்தான். நெஞ்சில் இரண்டு குண்டுகள். பக்கத்தில் அவனுடைய பழைய பிஸ்டல். உயிர் போகிற நேரத்தில் மனைவிக்கு அவன் அனுப்பிய குரல்பதிவு இது.

அதைக் கேட்ட நாளிலிருந்து லாராவுக்குத் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அந்தக் குரல்!

அதில் வலி இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக... ஆச்சரியம்!

சாகப் போகிறவன் எதற்கு ஆச்சரியப்பட வேண்டும்?

“எனக்கு இப்பவும் அவரின்ரை சப்பாத்துச் சத்தம் கேக்குது” என்றாள் எவ்லின். “கதவடியிலை வந்து நிக்கிறார். உள்ளுக்கு வரப் போறார் எண்டு நடுங்கிக்கொண்டு கிடக்கிறன்.”

“அவர் செத்திட்டார் எவ்லின்.”

“ஓம்... தெரியும். ஆனால் கேக்குது.”

வெளியே ஜூலை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எவ்லினோ தடித்த சட்டையின் கையை விரல் நுனி வரை இழுத்து விட்டிருந்தாள்.

லாரா அதைப் பார்த்தாள்.

மூலையில் ஒரு நாற்காலி. அதில் எவ்லினின் அம்மா பேர்பெச்சுவா. இந்தக் கழகத்தைக் கூட்டித் துடைப்பவள். பக்கத்தில் ஒரு காவலர். அவள் கையில் ஜெபமாலை. நேற்றுத்தான் கைது!

காரணம் மொழிபெயர்ப்பாளர். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் சென்னைப் பெண். குரல்பதிவைக் கேட்டு ஜெர்மனில் எழுதிக் கொடுத்திருந்தாள்: மாமியார். இரண்டு முறை. பிடிபடவில்லை.

இன்று மாலை நீதிபதி முடிவு சொல்லிவிடுவார். பேர்பெச்சுவா சிறைக்கா, வீட்டுக்கா?

“நீங்கள் ஒண்டும் சொல்ல மாட்டியளோ அன்ரி?” என்றாள் லாரா.

பேர்பெச்சுவா மணிகளை உருட்டினாள்.

அப்போது கதவு தடாலென்று திறந்தது.

“ஆர் சொன்னது மாமி எண்டால் இந்த அன்ரி எண்டு?”

பீலிக்ஸ்! பென்ஜமினின் நண்பன். சுடுதள மேற்பார்வையாளன். கொலை நடந்தபோது சிகரெட் பிடிக்க வெளியே போனவன். அந்தக் குற்ற உணர்ச்சியில் பாதியாக இளைத்திருந்தான்.

“அப்ப மாமி ஆர் அண்ணை?”

பீலிக்ஸ் விரலை நீட்டினான். மேசையில், சான்றுப் பையின் மேல், கருநீலமாக மின்னிக்கொண்டு...

பிஸ்டல்!

“இவதான் மாமி! நூறு வயது தாண்டின சாமான். எது செய்தாலும் முறைப்பு. அதாலைதான் பென்ஜமின் மாமி எண்டு பேர் வைச்சவன்.”

“சிக்கேல்லை எண்டது?”

“பிடிபடேல்லை எண்டில்லை பிள்ளை! சுட்ட தோட்டாவின்ரை வெறுங் கோது வெளியிலை வராமல் நடுவிலை மாட்டுறதைத்தான் நாங்கள் சிக்கிறது எண்டுவம். மாமி ஒரு வெடிக்கு மேலை ஒழுங்கா வெடிச்சதே இல்லை. சுருள்வில் மாத்திப் பாத்தம். எண்ணெய் பூசிப் பாத்தம். பலமான தோட்டாவும் போட்டுப் பாத்தம். ம்ஹூம்!”

“சுட்டுக் காட்டுங்கோ.”

எல்லோரும் காதுமூடி மாட்டினார்கள். பீலிக்ஸ் மகசீனை நிரப்பினான். இரண்டு கையாலும் பிடித்தான். முன்குறியைக் கண்ணுக்கு நேராக்கினான்.

“விசையை மெல்ல இழுக்க வேணும். வெட்டி இழுத்தால் குறி தப்பும். மணிக்கட்டு அசையவே கூடாது. உதைப்பிலைதான் இது பின்னாலை திறந்து கோதைத் துப்பும். கை தளர்ந்தால் உதைப்பைக் கை வாங்கிடும். பிறகு சிக்குத்தான்.”

டப்!

அட்டையின் நடுவில் ஓட்டை. மறுபடி விசையை இழுத்தான்.

ஒன்றுமில்லை. வெற்றுக் கோது நடுவில் நிமிர்ந்து நின்றது.

அதை எடுத்துவிட்டு லாராவும் சுட்டாள். டப்! அதே கதை.

பீலிக்ஸ் கோதைத் தட்டி விழுத்தி, அடுத்த தோட்டாவை ஏற்றி, முனை அட்டையைப் பார்க்க மேசையில் வைத்தான்.

“இன்னும் ரெண்டு கிடக்கு. சுடுறியளோ?”

“வேண்டாம்... அண்டைக்கு உங்களுக்கு என்ன கேட்டது அண்ணை?”

“டப்-டப். அடுத்தடுத்து.”

சொன்ன பிறகுதான் பீலிக்ஸுக்கு உறைத்தது. முகம் வெளிறியது.

“அது... அது பேய் வேலை பிள்ளை! ஏலாது! மனிசரால் ஏலாது!”

“பென்ஜமின் ஆச்சரியப்பட்டது அதுக்குத்தான்” என்றாள் லாரா. “மாமி ரெண்டு தரம் சிக்காமல் வெடிச்சிருக்கு! சாகும்போதும் அவருக்கு அதுதான் அதிசயம். அப்பிடிச் சுட, மாமியை நல்லாத் தெரிஞ்ச ஆள் வேணும். நீங்கள் இண்டைக்கு வேணுமெண்டே கையைத் தளர விட்டனீங்கள்!”

“மாதாவாணை நான் இல்லை! எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள் பிள்ளை!”

“அன்ரி, நீங்கள் வீட்டை போகலாம்.”

லாரா விலங்கை எடுத்தாள். காவலர் பீலிக்ஸின் தோளைப் பிடித்தார். பீலிக்ஸ் விம்மி விம்மி அழுதான்.

டப்! டப்!

எல்லோரும் உறைந்து போனார்கள்.

லாரா சட்டென்று திரும்பினாள். கை இடுப்புக்குப் போயிற்று.

மூன்றாம் மேடையில் பேர்பெச்சுவா! அட்டையில் ஒட்டினாற்போல் இரண்டு ஓட்டைகள். இரண்டு கோதுகள் தரையில் உருண்டுகொண்டிருந்தன.

மாமி சிக்கவில்லை!

பேர்பெச்சுவா பிஸ்டலை மெதுவாக மேசையில் வைத்தாள். முனை அட்டையைப் பார்க்கவே இருந்தது.

“அம்மா!” எவ்லினின் குரல் உடைந்தது.

“அண்டைக்குக் கூட்ட வந்தனான் பிள்ளை” என்றாள் பேர்பெச்சுவா. “போனிலை இவளோடை கத்திக்கொண்டு நிண்டவர். வீட்டை வந்து மற்றக் கையையும் முறிக்கிறன் எண்டு போட்டுப் போனை வைச்சார். மேசையிலை இது கிடந்தது. எனக்கு றப்பர் உறை போட்ட கை, ரேகை படேல்லை.”

“உங்களுக்குச் சுடத் தெரியுமோ அன்ரி?”

“எங்கை தெரியும்? துடைக்கிற துணியை வருசக் கணக்காப் பிழிஞ்ச கை. எதைப் பிடிச்சாலும் இறுகித்தான் பிடிக்கும்.”

பேர்பெச்சுவாவை வெளியே விட லாராதானே அவ்வளவு பாடுபட்டாள்!

“விட்டிட்டன் எண்டு சொன்னனே... பேசாமல் போயிருக்கலாமே!”

“பீலிக்ஸின்ரை பிள்ளையள் என்ன பாவம் செய்ததுகள்?”

எவ்லின் அம்மாவின் அருகில் வந்தாள். மெல்லச் சட்டைக் கையை மேலே இழுத்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்றிப்போய்க் கிடந்தது. இனி மறைக்க அவளுக்குத் தேவையிருக்கவில்லை.

“அப்ப அவர் கடைசியாச் சொன்ன மாமி...” லாரா இழுத்தாள். “இதுவோ? நீங்களோ?”

“ஆருக்குத் தெரியும்? அந்த எழுதிக் குடுத்த பிள்ளையை ஏசாதேங்கோ. அவ பிழையா எழுதேல்லை.”

பேர்பெச்சுவா இரண்டு கைகளையும் நீட்டினாள். லாரா விலங்கைப் பூட்டப் போனாள். விலங்கு பூட்டாமல் நழுவியது.

பேர்பெச்சுவா சிரித்தாள்.

“இறுக்கிப் பிடியுங்கோ பிள்ளை. கை தளர்ந்தால்... சிக்கும்!”